தண்ணி எதுவரிக்கும் வரும்

வேலூரிலிருந்து மொழிபெயர்க்க வரவேண்டிய வாத்தியாருக்கு அம்மை போட்டுவிட்டது. அதனால்தான் அந்த வேலை மதிவதனிக்கு வந்தது.

அவள் ஆரணியில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு, இரண்டு வருசமாக ஒரு பட்டுச்சேலைக் கடையில் உட்கார்ந்து, வாட்ஸப்பில் விசாரிக்கிறவர்களுக்கு இங்கிலீஷில் பதில் அடித்துக்கொண்டிருந்தாள். எழுத வரும். வாயைத் திறந்து வெள்ளைக்காரர்களிடம் பேசியதில்லை. பாஸ்டர் அய்யாக்கண்ணு சேவூர் காலனிக்கு வீடு தேடி வந்து, பத்து நாள் லீவு போட முடியுமா என்று கேட்டபோது அவள் யோசித்தாள். அவளுடைய அப்பா எல்லப்பன் யோசிக்கவில்லை. "வரும் ஐயா, வராம இன்னா" என்று நாற்காலியைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

பாஸ்டர் தேசூர்க்காரர். ஞானஸ்நானம் எடுத்தபோது வைத்த ஆபிரகாம் என்கிற பேர் அவருடைய கையெழுத்தில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் அய்யாக்கண்ணு பாஸ்டர். ஆரணியில் ஒரு வாடகை வீட்டில் இருபத்திரண்டு பெண்பிள்ளைகளை வைத்துப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளும், இருந்தும் இல்லாத பிள்ளைகளும். மூன்றே அறை, ஒரே கக்கூஸ். பள்ளிக்கூட நாட்களில் காலை ஐந்து மணிக்கே பிள்ளைகள் கையில் மக்கோடு வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்காகச் சேவூருக்குக் கிழக்கே, ஏரிக்கரைக்கு மேற்கே, ஒன்றே முக்கால் ஏக்கர் நிலம் வாங்கியிருந்தார். வேடியப்பன் என்கிற தரகர் பேசி முடித்துக் கொடுத்த நிலம். அங்கே பிள்ளைகளுக்கு விடுதி, ஒரு ஜெப வீடு, ஒரு தையல் கூடம் கட்ட வேண்டும். அதற்குப் பிளான் போட்டுத்தர அமெரிக்காவிலிருந்து ஒரு குழு வந்தது. ஊழியக்காரர்களுக்கு இலவசமாகப் பிளான் போட்டுக் கொடுக்கிறதற்கென்றே ஊர் ஊராகப் போகிற எஞ்சினியர்கள் நாலு பேர், அவர்களோடு படிக்கிற பெண் ஒருத்தி.

எல்லப்பனுக்கு அந்த நிலத்தில் வாட்ச்மேன் வேலை என்று பேச்சு. கட்டடம் எழும்பினதும் அங்கேயே இரண்டு அறை வீடு. ரைஸ் மில்லில் முப்பது வருசம் மூட்டை தூக்கி அவருக்கு இடுப்பு போய்விட்டிருந்தது. காலையில் எழுந்து நிற்கவே சுவரைப் பிடிப்பார். மதிவதனிக்கும் விடுதி ஆபீசில் வேலை தருவதாகப் பாஸ்டர் சொல்லியிருந்தார். அம்மா அம்மணி, நெசவுத் தெருவில் கமலம் வீட்டில் காலை நேரத்தில் ராட்டையில் ஊடை நூல் சுற்றுகிறவள். குழு வந்த பத்து நாளும் மத்தியானச் சமையலுக்கு அவளையே வைத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் காலையில் நிலத்துக்கு நடந்து போகையில் எல்லப்பன் மகளிடம் விசயத்தைச் சொன்னார். பாஸ்டர் வாங்குவதற்கு முன்னால் அவரைத்தான் கேட்டிருக்கிறார், மழைக்குத் தண்ணி நிற்குமா என்று. ஒரு சொட்டு நிற்காது என்று வேடியப்பன் சொல்லச் சொன்னபடி இவரும் சொல்லியிருக்கிறார். இப்போது வந்திருப்பவர்கள் துருவித் துருவிக் கேட்கிறவர்கள். யார் என்ன சொன்னாலும் கணுக்கால் அளவு, ஒருநாள் ரெண்டுநாள், அப்புறம் வடிந்துவிடும், இதுதான் இங்கிலீஷில் போக வேண்டும்.

"அம்மாவுக்குத் தெரியுமா நைனா?"

"அவளுக்கு எதுக்கு? அவ கூட்டிப் பெருக்கி சோறாக்கிட்டுப் போவட்டும். நீ நடுவுல இருக்கறதே எனக்குத் தைரியம்."

மாசி வெயிலில் நிலம் களம் மாதிரி இறுகிக் கிடந்தது. அறுப்பு முடிந்த பக்கத்துக் கழனிகளில் தாள் மட்டும் நின்றது. ஏரியில் ஆடுகள் மேய்ந்தன. இந்த இடத்தில் தண்ணி வரும் என்று யார் சொன்னாலும் வெளியாள் நம்பமாட்டான்.

வந்த பெண்ணின் பெயர் ஹானா. இருபத்தொரு வயசு. கட்டடக்கலை மூன்றாம் வருசம். சொந்த நாட்டை விட்டு வெளியே வந்தது இதுதான் முதல் தடவை என்று அவளே சொன்னாள். முதல் நாளிலேயே வெயிலில் முகம் தக்காளியாகிவிட்டது. இரண்டாம் நாள் வயிறு கெட்டு, புங்கமரத்தடியில் சுருண்டு படுத்துக்கொண்டாள். அம்மணி நொய்யரிசிக் கஞ்சி வைத்து, உப்புப் போட்டு, ரெண்டு சின்ன வெங்காயத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்றாம் நாள் எழுந்துவிட்ட ஹானா, அதிலிருந்து "அமானி, அமானி" என்று அவள் பின்னாலேயே சுற்றினாள். சாப்பிடுமுன் கண்ணை மூடி வேண்டிக்கொள்வாள். அம்மணி கரண்டியைக் கையில் பிடித்தபடி, வேண்டுதல் முடிகிற வரைக்கும் அசையாமல் நிற்பாள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள்தான். ஆனாலும் சாமி கும்பிடுகிறவர்கள் நடுவில் பாத்திரம் சத்தம் போடக்கூடாது என்பாள்.

குழுவின் தலைவர் நரைத்த தாடிக்காரர். அவர் ஹானாவுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். நிலம் எங்கே தாழ்வு என்பதை மெசின் சொல்லிவிடும், தண்ணி எதுவரைக்கும் வரும் என்பதை ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு எழுது என்று. கிழக்குப் பக்கம் இரண்டடிக்கு மேல் தாழ்வு என்று மெசின் ஏற்கெனவே சொல்லிவிட்டது. எல்லப்பனைக் கேட்டாயிற்று. பக்கத்துக் கழனிக்காரரையும் கேட்டாயிற்று, அவர் வேடியப்பனுக்குப் பங்காளி. நாலாம் நாள், சாப்பாடு முடிந்து எல்லோரும் நிழலில் சாய்ந்திருந்தபோது, ஹானா மஞ்சள் நோட்டோடு வந்து அம்மணிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெண்களிடமும் கேட்க வேண்டும் என்றாள். மழைக்காலத்தில் இங்கே தண்ணி எதுவரைக்கும் வரும்?

மதிவதனி தமிழில் கேட்டாள். வேறு வழியில்லை.

அம்மணி கழுவிக்கொண்டிருந்த குண்டானை ஓரமாக வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். நோட்டும் பேனாவுமாக ஒருத்தர் அவள் எதிரில் வந்து உட்கார்ந்து, உனக்குத் தெரிந்ததைச் சொல் என்று கேட்டது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

"ஏரி ரொம்பி கோடி போச்சின்னா மொத தண்ணி இங்கதான் வரும், கண்ணு. கால்வா தாங்காது. நாலு வருசத்துக்கு மின்ன ஐப்பசில பேஞ்சுதே, அதுல இந்தா, இதுவரிக்கும் வந்துச்சி." நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாள். "தோ அந்த வேலிகாத்தான் மரத்தாண்ட நாலு ஆடு கட்டியிருந்தேன். காலைல வந்து பாத்தா கயிறுதான் கீது. எட்டு நாள் நின்னுச்சி தண்ணி. அப்பறமும் சேறு, கால் வச்சா முட்டி வரிக்கும் எறங்கும். அதையும் எழுதிக்கச் சொல்லு."

ஹானா நெஞ்சில் இருந்த கையைப் பார்த்தாள். பிறகு மதிவதனியைப் பார்த்தாள்.

மதிவதனி சொன்னாள். அதோ அந்தக் கால்வாயில் நெஞ்சு வரைக்கும் வரும். இந்த நிலத்தில் கணுக்கால்தான். ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாள். அந்த மரத்தடியில் முன்பெல்லாம் அம்மா ஆடு மேய்ப்பாள். அவ்வளவும் தடுக்காமல் வந்தது. அந்தப் பாஷையில் சொல்லும்போது அது பொய் மாதிரியே இல்லை. பரீட்சையில் விடை எழுதுகிற மாதிரி இருந்தது.

ஹானா எழுதிக்கொண்டாள். சொன்னவர் பெயர் வேண்டும் என்று கேட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து எழுதி, நோட்டைத் திருப்பிக் காட்டினாள். அம்மணி குனிந்து பார்த்தாள்.

"எம்பேரா இது?"

"ஆமாம்மா."

"நல்லாத்தான் கீது" என்றாள் அம்மணி.

அன்றைக்குச் சாயங்காலம் பாத்திரங்களைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது, எல்லாவற்றையும் சொன்னாயா, ஆட்டையும் சொன்னாயா என்று இரண்டு தடவை கேட்டாள். சொன்னேன் என்று மதிவதனி இரண்டு தடவையும் சொன்னாள்.

மறுநாள் ஹானா தறி பார்க்க ஆசைப்பட்டாள். கமலம் வீட்டுக்கே கூட்டிப்போனாள் மதிவதனி. கமலத்தின் புருசன் வேணுகோபால் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, மயில்கழுத்துப் பச்சையில் ஒரு முகூர்த்தச் சேலை நெய்துகொண்டிருந்தார். மிதி மிதிக்கும்போதெல்லாம் வீடே லேசாக அதிர்ந்தது. ஹானா குழிக்குள் எட்டிப் பார்த்து, தறியை ஏன் தரைக்குக் கீழே இறக்கியிருக்கிறார்கள் என்று கேட்டாள். நூலுக்குத் தரையின் குளிர்ச்சி வேண்டும் என்று சொல்லிவிட்டு, கமலம் தானாகவே மழைப் பேச்சுக்குப் போனாள். அந்த ஐப்பசியில் குழிக்குள் ஊற்று மாதிரித் தண்ணி வந்ததாம். ஒன்பது நாள் தறி நின்றதாம். அம்மணி ஆட்டைப் பறிகொடுத்து இங்கே வந்துதான் அழுதாளாம். மதிவதனி அதை, மழைக்காலத்தில் நெசவு கஷ்டம் என்கிறார், என்று ஒரு வரியில் முடித்தாள். அவ்வளவு நீளப் பேச்சுக்கு ஒரே வரியா என்பது போல ஹானா பார்த்தாள். ஆனால் கேட்கவில்லை.

அதற்கப்புறம் மூன்று நாள் அவர்கள் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து வரைந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம், பிள்ளைகள் இருக்கிற வாடகை வீட்டின் வாசலில் எல்லாவற்றையும் சுவரில் ஒட்டிக் காண்பித்தார்கள். பிள்ளைகள் ரிப்பன் கட்டி முன்வரிசையில் தரையில் உட்கார்ந்தார்கள். சபைக்காரர்கள் பின்னால். எல்லப்பன் இஸ்திரி போட்ட சட்டையில், பாஸ்டர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மணி சுண்டல் குண்டானோடு கதவோரம் நின்றாள்.

படங்கள் அழகாக இருந்தன. மரம், நிழல், ஓடியாடுகிற பிள்ளைகள் எல்லாம் வர்ணத்தில். விடுதியைப் பற்றிப் பேசுகிற பாகம் ஹானாவுடையது. பிள்ளைகளின் அறைகளைக் கிழக்கு ஓரத்தில் வைத்திருக்கிறோம், ரோட்டுப் புழுதியும் சத்தமும் வராது, ஏரிக் காற்று வரும் என்றாள். மதிவதனி தமிழில் சொன்னாள். முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப்பெண், எட்டு வயசு இருக்கும், எழுந்து சன்னல் பக்கத்துக் கட்டில் தனக்கு வேண்டும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஹானா பேனாவை எடுத்து, ஒரு சன்னலுக்கு அடியில் அந்தப் பிள்ளையின் பேரை எழுதினாள். அப்புறம் சொன்னாள், தண்ணியைப் பற்றி எங்களுக்குத் தெளிவாகச் சொன்னவர் அமானி, அதை வைத்துத்தான் தரையை ஒன்றரை அடி உயர்த்தியிருக்கிறோம், அறிக்கையிலும் அவர் பேரைப் போட்டிருக்கிறோம். கதவுப் பக்கம் திரும்பிக் கை தட்டினாள். எல்லோரும் தட்டினார்கள்.

அம்மணி வெட்கத்தோடு சிரித்தாள். சுண்டல் கொடுக்க மகள் பக்கத்தில் வந்தபோது, சுவரைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள்.

"நீலமா கீதே, அது ஏரிதான?"

"ஆமா."

"அப்ப ஏன் பசங்க ரூம அங்க போட்டுக்கிறாங்க?"

"தரைய ஒசத்தறாங்கம்மா."

"எம்மாம்?"

"ஒன்றரை அடி."

அம்மணி கரண்டியால் சுண்டலை அளந்து கடைசிப் பிள்ளை வரைக்கும் போட்டாள்.

வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டு, அடுப்புப் பற்றவைத்து, புருசனுக்குச் சோறு போட்டுவிட்டு, கருவாட்டுக் குழம்பு ஊற்றும்போதுதான் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"மதி, நான் சொன்னத நீ இன்னான்னு சொன்ன?"

மதிவதனி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லப்பன்தான் பதில் சொன்னார். "நான் சொல்லச் சொன்னதச் சொன்னா. விடு."

"நீ இன்னா சொல்லச் சொன்ன?"

"கணுக்கா அளவுன்னு. இப்ப இன்னா அதுக்கு? கட்டடம் நாளைக்கே எழும்பிடப் போவுதா? அஞ்சு வருசம் ஆவும். அதுக்குள்ள கவுருமெண்டு கால்வாய அகலம் பண்ணும். பண்ணலன்னா மண்ணடிச்சி மேடாக்கிக்குவாங்க. படிச்சவங்க, மெசின் வச்சிகினு அளக்கறாங்க, அவங்களுக்குத் தெரியாதது உனக்கும் எனக்கும் தெரிஞ்சிடப் போவுதா?"

"தெரியாமத்தான எங்கிட்ட வந்து கேட்டா அந்தப் பொண்ணு?" அம்மணி அடுப்பைத் தணித்தாள். "அந்த நெலத்துல கீற மோட்டார் ரூமுக்கு நீ எதுக்கு சுண்ணாம்பு அடிச்சன்னு எனக்கு இப்பத்தான் புரியுது. தண்ணி நின்ன கறை தெரியக்கூடாதுன்னு."

எல்லப்பன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். வாயில் வைக்கவில்லை. "மூட்ட தூக்க முடியலமே" என்றார். "மேஸ்திரி எம்மேல எரக்கப்பட்டு சின்ன மூட்டையா தர்றான். மத்தவங்க மொணவறாங்க. இன்னும் ஒரு வருசம் தாங்குமா? அப்பறம் நான் எங்க போய் ஒக்காருவேன்? கேட்டுல ஒக்காந்துகினு வரவன் போறவனப் பாக்கற வேல. ஆண்டவனாப் பாத்துக் குடுக்கறான்னு நெனச்சேன். எந்த ஆண்டவனா இருந்தா இன்னா."

அம்மணிக்கு அது தெரியாததல்ல. தினமும் அவருக்கு இடுப்பில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவள் அவள்தான். அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். பிறகு, அவரைப் பார்க்காமல், மகளைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் இன்னா வேணா பண்ணிக்குங்க. நான் சொல்லாதத நான் சொன்னதா எம்பேரப் போட்டு எழுதிக்கிது. ஓட்டு லிஸ்டுலயும் ரேசன் கார்டுலயும் தவுத்து எம்பேரு எங்கயும் இல்ல. மொத மொத ஒரு எடத்துல எழுதிருக்காங்க, அது பொய்யா இருக்கணுமா? நாளைக்குப் போயி அத எடுத்துடச் சொல்லு. அது போதும் எனக்கு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பதினொரு மணிக்கு வேன். சென்னைக்குப் போய் அங்கிருந்து விமானம். மதிவதனி ஒன்பது மணிக்கே லாட்ஜுக்குப் போய்விட்டாள். ஹானா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் பேரை அறிக்கையிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். ஹானா ஒரு நிமிசம் யோசித்துவிட்டு, அவருக்கு ஏதாவது பயமா, நிலத்துக்காரர்களால் தொந்தரவா என்று கேட்டாள். அப்படித்தான் என்று சொல்வது போல மதிவதனி தலையாட்டினாள். ஹானா மடிக்கணினியைத் திறந்து, பேரை அழித்துவிட்டு, 'உள்ளூர்ப் பெண் ஒருவர்' என்று மாற்றிக் காண்பித்தாள். இது எங்களுக்கு வழக்கம்தான், கேட்டதற்கு நன்றி, நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும் என்று மன்னிப்பும் கேட்டாள்.

இவ்வளவு சுலபமா என்று இருந்தது மதிவதனிக்கு. படி இறங்கும்போது உடம்பே லேசாகிவிட்ட மாதிரி இருந்தது.

அம்மணி ஜெபக்கூட்டத்துக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் வேனில் போகிறவர்களுக்கு இட்லிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது.

"எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்கம்மா. எங்கண்ணால பாத்தேன்."

"அந்த எடத்துல இன்னா போட்டாங்க?"

"உள்ளூர்ப் பொம்பள ஒருத்தங்கன்னு."

அம்மணி பொட்டலத்துக்கு நூல் சுற்றினாள். பல்லால் கடித்து அறுத்தாள்.

"அதுவும் நான்தானடி?" என்றாள்.

மதிவதனி அங்கேயே நின்றாள். உள்ளே பாட்டு முடிந்தது, காணிக்கைப் பை வந்தது, ஆசீர்வாதம் சொன்னார்கள். பிள்ளைகள் வரிசையாக வெளியே வந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்கள். சன்னல் கேட்ட பிள்ளை ஹானாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேன் வரைக்கும் வந்தது. பெட்டிகளை மேலே ஏற்றிக் கயிறு கட்டினார்கள்.

அவள் போய் ஹானாவைத் தனியாகக் கூப்பிடவில்லை. தனியாகக் கூப்பிட்டால் வேறு ஏதாவது சொல்லிவிடுவோம் என்று பயமாக இருந்தது. பாஸ்டரும் தாடிக்காரரும் நிற்கிற இடத்திலேயே போய் நின்று, முதலில் இங்கிலீஷில் சொன்னாள். என் அம்மா கணுக்கால் என்று சொல்லவில்லை. நெஞ்சு வரைக்கும் என்று சொன்னாள், அந்த நிலத்திலேயே. எட்டு நாள் நிற்கும் என்றாள். அவளுடைய ஆடுகள் அந்த மரத்தடியில் மேயவில்லை, செத்துப்போயின. நான்தான் மாற்றிச் சொன்னேன். பிறகு அதையே பாஸ்டருக்குத் தமிழில் சொன்னாள். தமிழில் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

தாடிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பாஸ்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எல்லப்பனுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று அவள் தலையசைத்தாள். பாஸ்டர் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். "அஞ்சு வருசம் உபவாசம் இருந்து வாங்கின எடம்மா அது" என்றார். அவளிடம் சொன்ன மாதிரி இல்லை.

ஹானாவின் முகம் வெளுத்திருந்தது. அவள் கட்டிக்கொள்ளவும் இல்லை, திட்டவும் இல்லை. இப்படி ஒன்று நடக்கக்கூடாது என்றுதான் ஒவ்வொருவராகக் கேட்டேன் என்றாள். வேறு எதையெல்லாம் மாற்றிச் சொன்னாய் என்று கேட்டாள். மதிவதனி தறிக்குழியைச் சொன்னாள். ஒன்பது நாளைச் சொன்னாள். ஹானா மஞ்சள் நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் தேடி, குறுக்கே ஒரு கோடு போட்டாள். அடியில் சரியானதை எழுதினாள். அம்மணி பேரைத் திரும்ப எழுதட்டுமா என்று கேட்டாள்.

எழுதுங்கள் என்றாள் மதிவதனி. அதற்குக் கீழே, முதலில் தப்பாக மொழிபெயர்த்தது மதிவதனி என்றும் எழுதச் சொன்னாள். ஹானா அதற்கும் எழுத்துக்கூட்டிக் கேட்டுத்தான் எழுதினாள்.

பாஸ்டர் எழுந்து, வேனை நிலத்துக்கு விடச் சொன்னார். எல்லப்பன் அங்கேதான் இருந்தார். காலையிலிருந்தே கழியோடு புங்கமரத்தடியில் உட்கார்ந்து, கட்டடத்துக்கு அளந்து அடித்திருந்த முளைக்குச்சிகளை ஆடு இடித்துத் தள்ளாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வேனில் மகளும் பொண்டாட்டியும் சேர்ந்து வந்து இறங்கியதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. சுவரில்லாத இடம், எதையும் பிடிக்காமலே எழுந்து நின்றார்.

"எதுவரிக்கும் வரும் எல்லப்பா?" என்று பாஸ்டர் கேட்டார்.

எல்லப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தார். விடுதிக்கு அடித்த குச்சிகளைத் தாண்டினார். சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டினார். ஜெப வீட்டுக்குச் சிவப்புக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள், அதற்குமேல் காலைத் தூக்கிவைக்க முடியாமல் நின்று, சுற்றிக்கொண்டு போனார். பாஸ்டர் வெள்ளைச் சட்டையோடு பின்னால் போனார். தாடிக்காரரும் மற்றவர்களும் போனார்கள். தையல் கூடமும் போயிற்று. ரோட்டுக்கு இருபது இருபத்தைந்து அடி இருக்கும்போது எல்லப்பன் நின்றார்.

"இங்க" என்றார்.

மிச்சமிருந்த இடத்தில் ஒரு லாரி நிறுத்தலாம், பக்கத்தில் ஒரு மாட்டுக்கொட்டாய் போடலாம். பாஸ்டர் அதையும் பார்த்தார், தாங்கள் நடந்துவந்த தூரத்தையும் திரும்பிப் பார்த்தார். எல்லப்பனை அவர் கோபமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று அம்மணி பின்னாளில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குழு போய்விட்டது. அந்தப் பிளானை நிறுத்திவைக்கச் சொல்லி அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வேடியப்பன், விற்றது விற்றதுதான் என்றார். பாஸ்டர் வேறு இடம் தேடிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அதே மூன்று அறையில்தான் இருந்தார்கள். வாட்ச்மேன் வேலையும் இல்லை, ஆபீஸ் வேலையும் இல்லை. மதிவதனி சேலைக்கடைக்குத் திரும்பிப்போனாள். எல்லப்பன் மில்லுக்கு. மகளிடம் அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். தண்ணி வேண்டுமென்றால் அம்மணியைக் கூப்பிட்டுக் கேட்பார். மகள் எதிரே உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான்.

சித்திரையில் ஒருநாள் மூட்டையோடு மில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. கடைக்குப் போன் வந்து மதிவதனி ஓடினாள். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், டோக்கன் வாங்கி, பெஞ்சில் உட்காரவைத்தாள். முன்னால் முப்பது பேர் இருந்தார்கள். மின்விசிறிக்கு அடியில் இடம் கிடைக்கவில்லை. அவள் துப்பட்டாவால் விசிறிவிட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நெடுநேரம் கழித்து அவராகப் பேசினார்.

"நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல" என்றார். எதிரே இருந்த சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கிட்ட மொதல்ல சொல்லியிருந்தா, நானே போய்ச் சொல்லியிருப்பேன் அவருகிட்ட. அந்த ஒரு வாய்ப்பு குடுத்திருக்கலாம் நீ."

சொல்லியிருப்பாரா என்று மதிவதனிக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரியுமா என்பதும் தெரியவில்லை. அவள் விசிறுவதை நிறுத்திவிட்டிருந்தாள்.

டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பெஞ்சு விளிம்பை அழுத்திப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தானே எழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து டாக்டர் அறையைப் பார்த்து நடந்தார். அவள் சீட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.